பாட்டுப் போடாத படம்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆல்பம் லேப்காரர்கள் வருஷா வருஷம் இனாமாகத் தரும் டைரி இது. முகூர்த்தத் தேதி, மண்டபத்தின் பெயர், பெண் வீட்டு நம்பர், மாப்பிள்ளை வீட்டு நம்பர், இவற்றைத் தவிர வேறெதையும் இதில் நான் எழுதியதில்லை. ஆடி மாதத்துப் பக்கங்கள் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். கல்யாணம் இல்லாத மாதத்தில் கல்யாண வீடியோக்காரன் என்ன செய்வான்? லென்ஸைத் துடைப்பான். துடைத்துவிட்டேன். மணி பத்தரைதான் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் முத்திருளப்பன். பெயரில் இருளை வைத்துக்கொண்டு லைட் போடும் தொழிலுக்கு வந்தவன். அதனால் கடைக்கு மூத்த மகள் பெயரை வைத்தேன்: ஜோதி வீடியோஸ். படிப்பு பத்தாம் வகுப்பு. இரண்டு தடவை எழுதினேன், ஆகவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படித்தவன் என்று பஞ்சவர்ணத்திடம் சொல்வேன். பஞ்சவர்ணம் என் மனைவி. அவள் ஒரே தடவையில் பாஸ்.

காலையில் ராஜபாளையத்திலிருந்து ஜோதி பேசினாள்.

"அப்பா, ஆடிக்கு வந்து ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போகட்டுமா?"

"கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு தாயி. தலை ஆடிக்குத்தான் அழைக்கிற வழக்கம். இப்பச் சும்மா வந்து உக்காந்தா உங்க அத்தை என்ன நினைப்பா?"

"சரிப்பா" என்றாள். ஜோதி எப்போதும் அப்படித்தான். சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

அவளுடைய அத்தை வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த சோலையம்மா அக்காதான். முறை மாப்பிள்ளைக்குத்தான் கொடுத்தேன். அந்நியத்தில் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிற அப்பன்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஜூலை 19, சனி

சின்னவள் சுபிக்‌ஷாவின் தமிழ் டீச்சர் கடைக்கு வந்தார். அங்கயற்கண்ணி டீச்சர். பதினொன்றாம் வகுப்பு. மகள் என்ன வம்பு பண்ணினாளோ என்று எழுந்து நின்றுவிட்டேன். வாத்தியாரைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிற ஆள் நான்.

"உக்காருங்க சார். பிள்ளைங்க கவிதையை மனப்பாடம் பண்றாங்க. என்ன சொல்லுதுன்னு கேட்டா, நோட்ஸ்ல இருக்கு டீச்சர்ங்கிறாங்க. அதனால ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன். ஒரு கவிதையைக் கொடுத்து, இதுக்கு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்கன்னு சொல்லப்போறேன். எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணணும்னா யோசிச்சுத்தானே ஆகணும்? அது எந்த நோட்ஸ்லயும் இருக்காது."

"நல்ல யோசனைதான் டீச்சர்."

"கவிதையை நான் பாத்துக்கறேன். எடுக்கிறது, வெட்டுறது, ஒட்டுறது நீங்க சொல்லிக்குடுங்க. மூணு சனிக்கிழமை."

"டீச்சர், நான் தமிழ்ல நாப்பத்திரண்டு மார்க்."

"கேமராவுல எவ்வளவு?"

எனக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. ஒத்துக்கொண்டேன்.

போகும்போது கடை முன்கண்ணாடியில் மாட்டியிருக்கும் ஜோதியின் கல்யாணப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லாரும் பார்ப்பார்கள். அரக்குப் பட்டு, அப்படியே மலர்ந்த சிரிப்பு. "இந்த மாதிரிச் சிரிப்பு எங்க பொண்ணுக்கும் வரணும்" என்று கேட்டே நிறைய பேர் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

டீச்சர் கொடுத்துவிட்டுப் போன கவிதை இது. யார் எழுதியது என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்று சிரித்தார். அவரே எழுதியதாக இருக்கும்.

தண்ணீர் ஊற்றியவர்களுக்குத் தெரியும்
செடி எந்தப் பக்கம் சாய்கிறதென்று.
தெரிந்துதான்
அந்தப் பக்கத்து ஜன்னலை
அடைத்தார்கள்.

அவ்வளவுதான். ஐந்து வரி. நான் நினைத்ததைவிடச் சுலபம். ஒரு செடி, ஒரு ஜன்னல், ஒரு சொம்புத் தண்ணீர்.

ஜூலை 26, சனி

முதல் வகுப்பு. வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். பஞ்சவர்ணம், "பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று கேட்டாள்.

இருபத்திநான்கு பிள்ளைகள். செல்லை இரண்டு கையாலும் பிடிப்பது, முகத்துக்குப் பின்னால் வெளிச்சம் வராமல் பார்ப்பது, நடந்துகொண்டே எடுக்கும்போது மூச்சை அடக்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிறகு மிக்ஸிங்கின், அதாவது எடுத்ததை வெட்டி ஒட்டும் வேலையின், முதல் விதி.

"கேமராவுல பதிஞ்ச சத்தத்தை மொதல்ல அணைச்சிரணும். அதுமேல ஒரு நல்ல பாட்டைப் போட்டுறணும். மண்டபத்துச் சத்தத்துல என்னம்மா இருக்கும்? ஒருத்தன் சாம்பார் கேப்பான். ஒருத்தன், எம் பேரைப் பத்திரிகையில போடலைன்னு சண்டை இழுப்பான். பாட்டைப் போட்டா எல்லாம் மங்களகரமா ஆயிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து போர்டில் எழுதிவிட்டார்: பாட்டுப் போடக்கூடாது. படம் எடுத்தபோது இருந்த சத்தம் மட்டும்.

"பாட்டு இருந்தா, என்ன நினைக்கணும்னு அதுவே சொல்லிரும் சார். பிள்ளைங்க யோசிக்க மாட்டாங்க."

முதல் வகுப்பிலேயே வாத்தியார் ஃபெயில்.

ரெஹானா என்று ஒரு பெண், வாயாடி. "அங்கிள், எட்டு மணி நேரம் எடுக்கறீங்க, ரெண்டு மணி நேரம்தான் குடுக்கறீங்க. மிச்ச ஆறு மணி நேரம் எங்க?"

"வெட்டிருவோம்மா. கொட்டாவி விடுற மாமா, செல்லு பாக்குற மாப்பிள்ளை, நேரங்கெட்ட நேரத்துல அழுகிற பொண்ணு."

"அழிச்சிருவீங்களா?"

"அழிக்க மாட்டேன். ஒரு வருசம் ரெண்டு வருசம் கழிச்சு வருவாங்க. எங்கப்பா தவறிட்டாரு, பந்தியில சாப்பிடுற மாதிரி இருந்தாலும் பரவாயில்ல, எங்கயாவது அவர் மூஞ்சி இருக்கான்னு பாருங்கன்னு. அதுக்காக வெட்டுனதெல்லாம் ஹார்டு டிஸ்க்ல தேதி போட்டு வச்சிருப்பேன்."

வகுப்பு முடிந்ததும், டீச்சர் காதில் விழாமல், "எல்லாரும் ஆளுக்கொரு பூந்தொட்டியை ஜன்னல்ல வச்சு எடுத்துருங்க, வேலை முடிஞ்சுரும்" என்று பிள்ளைகளுக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். ஈயும் ஆடித் தள்ளுபடிக்குப் போயிருக்கும் போல, ஒன்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

இருபத்திநான்கு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் பூந்தொட்டி. ரோஜாத் தொட்டி, துளசித் தொட்டி, பெயிண்ட் டப்பாவில் கற்றாழை. பத்தொன்பது ஜன்னல் படார் படார் என்று சாத்தியது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் திருவள்ளுவரைப் பார்த்தேன்.

டீச்சர் இரண்டாவது விதியை எழுதினார்: கவிதையில் பெயர் சொன்ன எதையும் படத்தில் காட்டக்கூடாது. செடி, தண்ணீர், ஜன்னல், மூன்றும் கிடையாது.

"பிறகு என்னத்த டீச்சர் எடுக்க?" என்று ரெஹானா கேட்டாள். என் மனதில் இருந்ததும் அதுதான்.

"உங்க வீட்டுல, தெருவுல யாரு எந்தப் பக்கம் சாஞ்சாங்கன்னு பாரு. யாருக்கு அது தெரியும்னு பாரு."

அப்போது முனீஸ்வரி என்ற பிள்ளை, பேசவே பேசாது, செல்லை நீட்டியது. தொட்டி எடுக்காத ஐந்து பேரில் ஒருத்தி. அவளுடைய அம்மா தூக்குவாளியோடு மில்லுக்கு நடந்து போகிறாள். பள்ளிக்கூடத்து மதில் ஓரம் வரும்போது நடை மெதுவாகிறது. வகுப்பறைப் பக்கம் தலை திரும்புகிறது. பிறகு பழையபடி வேகம். மூன்று நாள், மூன்று சேலை, அதே இடம். ஃபோகஸ் போய்ப் போய் வந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"இதுல செடி யாரும்மா?" என்றார் டீச்சர்.

"எங்கம்மா."

"ஜன்னலை அடைச்சது?"

"அதை எடுக்க முடியல டீச்சர். எங்க தாத்தா. செத்துட்டாரு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"தெரிஞ்சே அடைச்சாரா, தெரியாமலா?"

"தெரிஞ்சுதான் டீச்சர். அவருதான் எங்கம்மாவைத் தெனமும் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கொடத்துல விட்டவரு."

எனக்குத் தாகமாக இருந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சுபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அப்பா வந்தால் பிள்ளைகளுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பஞ்சவர்ணம் ஏழு வகைச் சோறு கிண்டினாள். ஜோதிக்குப் புளியோதரை பிடிக்கும், கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க என்றாள். ஆடியில் பெண் வீட்டுக்காரன் தூக்குச்சட்டியோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? ஃபோன் போட்டேன். அக்காதான் எடுத்தாள்.

"என்னடா இருளா, வாத்தியாரு வேலை பாக்குறியாமே? உனக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாரு கேட்டா நாண்டுக்குவாரே."

அக்கா தமாஷாகப் பேசுவாள். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிடாத குறையாக வளர்த்தவள். அவள் மகனுக்குப் பெண் கேட்டபோது நான் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்?

ஜோதியிடம் கொடுத்தாள். குரல் கம்மியிருந்தது. இடது கை இரண்டு விரல் கதவில் நசுங்கிவிட்டதாம். போன மாதம் நெற்றியில் அடி, அது குளியலறையில் வழுக்கி. எங்கள் வீட்டில் யாருக்கும் இத்தனை கவனக்குறைவு கிடையாது. கதவைப் பார்த்துச் சாத்தணும் தாயி என்று சொன்னேன்.

"சரிப்பா."

மாப்பிள்ளை அழகுராஜா கோபக்காரர்தான். மில்லில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறவருக்குக் கோபம் வராமல் குளிர்ச்சியா வரும்?

ஜோதிக்கு எடுத்துவைத்த புளியோதரையைப் பஞ்சவர்ணம் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஏழு வகையும் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் சுபி கடைக்கு வந்தாள். பழைய ஹார்டு டிஸ்க் வேண்டுமாம்.

"எதுக்கு?"

"வெட்டிப்போட்டது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். என் தொழிலைக் கற்றுக்கொள்ள ஒருத்தியாவது வந்தாளே என்று சந்தோஷம். ஒருத்தியாவது என்று எழுதியது தப்பு. ஜோதிக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வயதிலேயே அவள் மிக்ஸிங் பண்ணினால் எங்கே வெட்டினாள் என்று எனக்கே தெரியாது. மதுரையில் ஒரு காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் என்று ஒரு படிப்பு, அதில் இடம்கூடக் கிடைத்தது. அது பழைய கதை.

சுபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, அக்கா நிச்சயதார்த்தம் ஜூலை ஏழா?"

"ஆமா."

"அன்னிக்குத்தான் அட்மிஷனுக்குக் கடைசி நாள். நாலு மணிக்குள்ள போகணும்னு அக்கா சொல்லிக்கிட்டிருந்துச்சு."

"ஆனியில அந்த ஒரு முகூர்த்தம்தான் ரெண்டு பேர் நட்சத்திரத்துக்கும் பொருந்தி வந்துச்சு."

"யாருப்பா தேதி குறிச்சது?"

அப்போது பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஒரு ஆள் வந்துவிட்டார். நல்லவேளை, ஆடி மாதத்தில் ஒரு ஆளாவது வந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்றாவது வகுப்பு. வெட்டுவது, ஒட்டுவது. சுபி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனால் திரையை மூடினாள். "பதினாலாம் தேதி ஹால்ல எல்லார் படமும் போடுவாங்கல்ல, அப்பப் பாருங்கப்பா." சரி, மகள் தரும் ஆச்சரியம். கலைஞனுக்குக் கலைஞன் மரியாதை கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் அவள் படத்தைப் பார்த்தார். அவளை வெளியே கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்தபோது டீச்சரின் கண் சிவந்திருந்தது. நம் பிள்ளை அவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அக்காவை நானே ஃபோன் போட்டு அழைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி, பள்ளிக்கூட ஹால், பெற்றோர்கள் எல்லாம் வருகிறார்கள், உன் தம்பியை மேடையில் ஏற்றித் துண்டு போடப்போகிறார்கள் என்று.

"துண்டா? அப்ப வராம இருப்பனா? பத்தாப்பை ரெண்டு தடவை எழுதுன பயலுக்குத் துண்டா!" என்று சிரித்தாள். மாப்பிள்ளைக்கு அன்று லீவாம். ஜோதியையும் கூட்டிக்கொண்டு காரிலேயே வருகிறார்களாம்.

பார்த்தீர்களா? மகளை ஆடிக்கு அழைத்தது மாதிரியும் ஆயிற்று, மரியாதை கெடாமலும் ஆயிற்று. பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "சுபிகிட்டச் சொன்னீகளா?" என்று மட்டும் கேட்டாள். சுபியிடம் சொன்னேன். அவள், "தெரியும்ப்பா, ஜோதி அக்கா சொல்லிருச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை மூடி வைத்தேன்.

துண்டு போட்டார்கள். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். மாப்பிள்ளை செல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதி அவர்களுக்கு நடுவே. இளைத்திருந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கி, ஒவ்வொரு படமாகப் போட்டார்கள். ரெஹானாவின் படத்தில் பரணில் ஒரு தையல் மிஷின், அதன்மேல் அரிசி மூட்டை. முனீஸ்வரியின் அம்மா வந்திருந்தாள். திரையில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

கடைசியாகச் சுபி.

முதலில் எங்கள் வீட்டு ஹால். நிச்சயதார்த்தம். தாம்பாளம் மாற்றுகிறோம். எல்லாரும் தாம்பாளத்தைப் பார்க்கிறார்கள், ஜோதி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மூன்றே கால். மறுபடி பார்க்கிறாள். மூன்று நாற்பது. மறுபடி. நாலு மணி ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்று பார்வையையும் அன்றைக்கே நான் வெட்டியிருந்தேன். வெட்டினது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு மண்டபம். சமையல்கட்டுக்குப் போகிற நடை. அங்கேதான் சாயங்கால வெளிச்சம் நன்றாக விழும். ஜோதி அரக்குப் பட்டில் நிற்கிறாள். யாரோ ஒரு ஆள் பேசினான். கரகரவென்று, அவசரமாக. என் குரல் என்று பிடிபட நாலைந்து நொடி ஆயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எடுத்த எந்தக் கல்யாணத்திலும் என் குரல் வந்ததில்லை.

"நாடியைத் தூக்கு. ம். கண்ணைத் துடை, மை கலையுது."

"அப்பா, இப்ப நிறுத்தினாக்கூட நான் வீட்டோட இருந்துக்கறேன்ப்பா. படிக்கக்கூடக் கேக்க மாட்டேன்."

யாரும் பேசவில்லை. பாத்திரம் உருட்டும் சத்தம். யாரோ சாம்பார் வாளி கேட்டார்கள். தொழில் பழக்கத்தில் எண்ணிவிட்டேன், பதினொரு நொடி. சாதாரணமாக இவ்வளவு நீளம் விட மாட்டோம். சுபி ஒரு நொடிகூட வெட்டவில்லை.

"வெளிச்சம் போகுது ஜோதி. இப்படித் திரும்பு. சிரி."

ஜோதி சிரித்தாள். படம் அந்தச் சிரிப்பில் நின்றது. அது என் கடை முன்கண்ணாடியில் இருக்கும் படம்.

பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்தாக அந்த ஐந்து வரி. தெரிந்துதான் என்ற சொல் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

கேட்டுக்கு வெளியே என் பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். "வரச் சொல்லி அழைச்சு நல்லா மரியாதை பண்ணிட்டடா" என்றாள் அக்கா. மாப்பிள்ளை காரில் ஏறி ஹாரனை அழுத்தினார், கையை எடுக்காமல் அழுத்தினார். "ஏறுடி" என்றாள் அக்கா.

ஜோதி ஏறவில்லை. என்னைப் பார்த்தாள். அழவில்லை, ஒன்றுமில்லை.

"அப்பா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது யோசித்துச் சொல்லியிருப்பேன்.

"போயிட்டு வா தாயி. ஆடி முடியட்டும், பேசிக்கலாம்" என்றேன்.

இந்தத் தடவை அவள் சரிப்பா என்று சொல்லவில்லை. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறென்ன நான் சொல்லியிருக்க முடியும்? நூறு பேர் நின்றார்கள். நூறு இருக்காது. முப்பது பேர்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். கடை லீவு.

ஆகஸ்ட் 16, சனி

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் கத்தினேன். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததால் கத்தினேன். குடும்ப விஷயத்தைச் சந்தியில் வைக்கத்தான் கவிதையா, என் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. அப்படிக் கேட்ட பிறகுதான், என் பெண்ணுக்கு ஏதாவது ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கே கேட்டது.

டீச்சர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"படத்தைப் பாத்ததும் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு சார். இது உங்க அக்கா வாழ்க்கை, அவங்களைக் கேட்டியான்னு சுபிகிட்டக் கேட்டேன். வெளியில கூட்டிப்போய் ஜோதிகிட்ட நானே ஃபோன்ல பேசினேன்."

"ஜோதிகிட்டயா?"

"நீங்க வெட்டிப்போட்ட அந்தக் காட்சி எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சுபிக்குச் சொன்னதே அவங்கதான். போடுங்க டீச்சர்னாங்க. அப்பா தன் குரலைக் கேட்டதில்ல, ஒரு தடவை கேக்கட்டும், கேட்டப்புறம் என்ன சொல்றாருன்னு பாக்கணும்னாங்க."

என்ன சொன்னேன் என்று டீச்சருக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"எத்தனை மார்க் போட்டீங்க?" என்று கேட்டேன். வேறெதையாவது கேட்டாக வேண்டியிருந்தது.

"இதுக்கு எப்படி சார் மார்க் போடுறது?" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்றே ஆவணி பிறந்துவிட்டது. காலையில் ராஜபாளையத்துக்குப் போய் ஜோதியைக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு பண்ணி, சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இது உண்மை. அக்கா எது சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு, மகளை மட்டும் வண்டியில் ஏற்றுவது என்று இருந்தேன்.

அக்கா ஃபோன். "உன் மக எங்கடா?"

"ஏன், அங்கதானே இருக்கா?"

"நடிக்காதடா. விடியக்காலம் கோயிலுக்குப் போறேன்னு போனவ. பீரோவுல அவ சர்ட்டிபிகேட்டெல்லாம் காணோம். நீதான கூட்டிட்டுப் போயிட்ட?"

பஞ்சவர்ணத்திடம் ஓடினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை.

"மதுரையில லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. ஆல்பம் டிசைன் பண்ற எடத்துல வேலை. நாளையிலருந்து சேரணும். கை வீங்கியிருக்கு, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல வச்சு மதுரை பஸ் ஏத்திவிட்டதே நானும் சுபியும்தான். நீங்க தூங்குனீக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக?"

கூட்டிவந்திருப்பேன், சட்டையெல்லாம் மாட்டிவிட்டேன் பார் என்று காட்டினேன். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன். எழுந்து வந்து அதைச் சரிசெய்துவிட்டு, திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜோதிக்கு ஆறு தடவை ஃபோன். எடுக்கவில்லை. வேலைக்குப் புதிது, எடுக்க விட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்கா வந்து தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாள். நான் உன்னை வளர்த்ததற்கு இதுவா என்றாள். ஜோதியை நான் மறுபடி அனுப்ப மாட்டேன் அக்கா என்று சொன்னேன். முதல் தடவையாக அக்காவை எதிர்த்துப் பேசினேன். அனுப்பவும் அழைக்கவும் அவள் என் கையில் இல்லை என்பதால் சுலபமாகப் பேச முடிந்தது.

சுபி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாராட்டுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சீசனின் முதல் கல்யாணத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, பஞ்சவர்ணத்தையும் சுபியையும் கடை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஹாஸ்டலில் ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் பார்க்க விடுவார்களாம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதில் ஒத்திகை பார்த்தேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் நாலு தடவை அழித்து அழித்துப் பேசினேன். கடைசியில் ஒன்றும் பேச வேண்டாம், கையை மட்டும் பார்க்கலாம் என்று முடிவுக்கு வந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் ஒருவர், என் வயதுதான் இருக்கும். ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். தங்கியிருக்கிற பிள்ளைகள் தங்களைப் பார்க்க யார் யார் வரலாம் என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்களாம். அதில் பெயர் இருந்தால்தான் உள்ளே.

"பேரு சொல்லுங்கம்மா."

"பஞ்சவர்ணம்."

"அம்மா. சரி, இருக்கு. பாப்பா நீயி?"

"சுபிக்‌ஷா. தங்கச்சி."

"இருக்கு."

அவர் தோளுக்கு மேலாக நானும் தாளைப் பார்த்தேன். ஜோதியின் உருண்டைக் கையெழுத்து. மூன்று வரி எழுத இடம் இருந்தது. இரண்டில் பெயர். மூன்றாவது வரியை, பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிட முடியாதபடி, குறுக்கே கோடு இழுத்து அடித்திருந்தாள்.

"நீங்க யாருண்ணே?" என்று வாட்ச்மேன் என்னைக் கேட்டார்.

பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். அவள் சொன்னால் அந்த ஆள் மறுபடி லிஸ்ட்டைப் பார்ப்பார், இல்லையே என்பார், அதை இரண்டு பேரும் நின்று கேட்க வேண்டியிருக்கும். நான் முந்திக்கொண்டேன்.

"டிரைவர்" என்றேன்.

சுபி திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த மாதம் முழுக்க அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய்யில்லை. வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

"அப்ப வண்டியக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கண்ணே" என்றார் வாட்ச்மேன். "கேட்டை மறைக்குது. பிள்ளைக வந்து போற வழி."

தள்ளி நிறுத்தினேன்.